மாப்பிள்ளைக் கை

ஏப்ரல் 6

இந்த டைரி தம்பி சங்கரன் ஓசூரிலிருந்து அனுப்பியது. அவன் கம்பெனியில் கொடுத்ததாம். அட்டை வழவழவென்று இருக்கிறது. போன வருட டைரியில் இடம் மிச்சம் இருந்ததால் அதை முடித்துவிட்டுத்தான் இதைத் தொடுவது என்று வைத்திருந்தேன். அதற்குள் இதில் மூன்று மாதம் வெறுந்தாளாகப் போய்விட்டது.

இன்று டாக்டர் வந்திருந்தார். அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கி, முதுகை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இடுப்பு, குதிகால், முழங்கை, காது மடல் ஒன்றையும் விடவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “ஆறு வருசமாப் படுத்திருக்கிற மனுசரோட முதுகு மாதிரியா இருக்கு? ஒரு மாசம் படுத்தாலே புண்ணு வந்திருமேம்மா” என்றார். எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், “காப்பி போடட்டுமா டாக்டர்?” என்று கேட்டேன். காப்பி குடிக்கும்போது இன்னொரு தடவை சொல்வார் என்று பார்த்தேன். சொல்லாமலே போய்விட்டார்.

புது டைரி என்பதால் ஆள் யார் என்று எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது எடுத்துப் படித்தால் முழிக்கக் கூடாது.

அப்பா பெயர் ஆவுடையப்பன். கோவில்பட்டியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெரியாது. ‘விசில் சார்’ என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பகலில் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், சாயங்காலம் மைதானத்தில் ஹாக்கி கோச். அவரிடம் அடி வாங்கி ஆடியவர்கள் ரயில்வேயிலும் போலீசிலும் இருக்கிறார்கள். எவனாவது கூன் போட்டு நின்றால் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து “முதுகு!” என்று ஒரு சத்தம் வரும். பையன் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நிமிர்ந்துகொள்வார்கள்.

வாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. மிஞ்சியது ‘ரைட்டு’ என்ற ஒரு வார்த்தைதான். சோறு வேண்டும் என்றாலும் ரைட்டு, வேண்டாம் என்றாலும் ரைட்டு, ‘போடி, உனக்கு ஒன்றும் தெரியாது’ என்றாலும் ரைட்டு. குரலை வைத்து நான் பிரித்துக்கொள்வேன். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கழுத்தில் கிடக்கிற விசிலை ஊதுவார்.

நான் மகள் செண்பகவல்லி. டெலிபோன் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவரோடு இருக்கிறேன். இப்போது நான்தான் கோச். அப்பா என் டீம். நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவைப்பது, விரிப்பில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்வது, ஈரம் தங்கவிடாமல் துடைப்பது, இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் ஒரு நாள் அசந்தாலும் எதிராளி கோல் போட்டுவிடுவான்.

மாப்பிள்ளைக் கையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். வாதம் வந்தவர்களுக்குச் சட்டை போடும்போது கெட்ட கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அது கடைசி. இது ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கிற அந்த வலது கைக்கு மாப்பிள்ளைக் கை என்று நான் பெயர் வைத்தேன். ஒரு வேலை செய்யாது, ஆனால் எதிலும் முதல் மரியாதை அதற்குத்தான். கொஞ்சம் இழுத்துவிட்டால் முறுக்கிக்கொள்ளும். இந்தப் பெயரைக் கேட்டபோது அப்பா அரை முகத்தால் வெகுநேரம் சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே மாப்பிள்ளையை அவருக்கும் தெரியும் அல்லவா. அந்தப் பேச்சு இத்தோடு போதும்.

ஏப்ரல் 13

செண்பகவல்லி அம்மன் கோயில் தேர். என் பெயர்க்காரி தேரில் போகிறாள், நான் வீட்டில் ஏர் பெட்டுக்குக் காற்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜெபராஜ் வந்து, தெருமுனை வரைக்கும் தேர்ச்சத்தம் கேட்கிறது என்று அப்பாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டான். அப்பாவிடம் ஆடிய கோல்கீப்பர் அவன். இப்போது தண்ணீர் கேன் போடுகிறான். எங்கள் வீட்டுக்குக் கேன் இறக்க வருகிற சாக்கில் தினமும் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க ஒரு கை கொடுப்பான்.

கட்டிலைத் தள்ளும்போது எனக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு. ஒன்றுமில்லை, தைலம் போட்டால் போய்விடும்.

ஏப்ரல் 24

கழுகுமலையிலிருந்து சித்தப்பா வந்திருந்தார், பெயர் குற்றாலம். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணமோ சாவோ, எது முன்னே எது பின்னே என்று சொல்வதற்கு எங்கள் குடும்பத்தில் அவர்தான். நான் அப்பாவைக் குளிப்பாட்டி முடிக்கும்வரை வெளியே நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எம்மா, நீ செய்யுத. யாரு இல்லேங்கா? ஆனா பொம்பளப் புள்ள தகப்பனக் குளிப்பாட்டி, வேட்டி மாத்திவிட்டு... முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. ஒரு ஆம்பள ஆளப் போட்டுக்கிட வேண்டியதுதான?”

“போட்டேன் சித்தப்பா. ஒருத்தன் அப்பாவ மூட்டையப் புரட்டுத மாதிரி புரட்டுனான். மறுநாளே கெளம்புன்னுட்டேன். அடுத்தவன் எந்நேரமும் போனுலயே கெடந்தான்.”

“அது சரி, ஒங்கிட்ட எவன் நிப்பான்?” என்று சிரித்துவிட்டார். சிரித்தாலும் அவர் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

எனக்குக் கோபம்தான். ஆனால் அவரிடம் எதைச் சொல்வது? முதன்முதலில் நான் வேட்டி மாற்றியபோது அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. அந்த நிமிடம் நானும் பேசாமல் இருந்திருந்தால் இரண்டு பேருமே வெட்கத்தில் செத்திருப்போம். அதனால் நான் சத்தமாக மாட்ச் கமெண்ட்ரி சொல்ல ஆரம்பித்தேன். பந்து சென்டரிலிருந்து கிளம்புகிறது, லெஃப்டில் போகிறது, ஒருவனை வெட்டி இன்னொருவனை வெட்டி உள்ளே வருகிறது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வேட்டி கட்டி முடிந்ததும் “கோல்!” என்றேன். அப்பா கண்ணைத் திறந்து, “ரைட்டு” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரு கோல் விழுகிறது.

மே 10

ஜெபராஜ் தன்னோடு ஆடியவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். “எக்கா, இந்த வருசம் ஹாக்கி ஃபைனலுக்கு சாரக் கொண்டாந்து உக்கார வைக்கணும். வேன் சொல்லியாச்சு. பயலுவல்லாம் ஆசப்படுதானுவ.”

நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து விசில் சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக்கொண்டு, “ரைட்டு! ரைட்டு!” என்கிறார். இதில் பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை.

மே 18

இன்றைக்குக் கை ஓயும்வரை எழுதலாம்.

அப்பாவுக்குக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளைக் கையைத் துண்டால் தாங்கிக் கட்டி, சக்கர நாற்காலியில் மெத்தை போட்டு உட்காரவைத்தோம். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மைதானத்துக்குள் கொண்டுபோனார்கள். மைக்கில் அவர் பெயரைச் சொன்னதும் கேலரியில் இருந்தவர்கள் மொத்தமும் எழுந்து நின்றார்கள். கைதட்டு அடங்கவே இல்லை. ஆனால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, இவர்கள் நின்றால் ஆட்டம் மறைக்குமே. விசிலை எடுத்து ஊதினார். அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

பாதி ஆட்டம் பார்த்துவிட்டுக் கிளம்புவது என்றுதான் பேச்சு. இடைவேளையில் நாற்காலியைப் பின்னால் சாய்க்கப் போனேன். இடது கையால் தட்டிவிட்டார். வேனில் படுக்கவைக்கலாம் என்றேன். அதற்கும் தட்டிவிட்டார். மைதானத்தில் சாய்ந்து உட்காருவதாவது! கம்பு நட்டது மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். சமனாக முடிந்து, ஷூட் அவுட் வரைக்கும் போனது. நான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். சுற்றிலும் இருந்தவர்கள் என்னைக் காட்டி, “இவங்கதான் சார் மக. ஆறு வருசமா இவங்கதான் வச்சுப் பாக்காங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் எழுந்து வர மனசில்லை.

எனக்குத் தெரிந்து இன்று எங்கள் அப்பாவைப் போல ஒரு ஆள் அந்த மைதானத்தில் இல்லை.

மே 19

முதுகு முடிகிற இடத்தில் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை.

மே 22

தோல் உரிந்துவிட்டது. பெரிய ஸ்டிக்கர் பொட்டு அகலம்.

மே 25

சங்கரன் போட்டோ அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். மறைக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. உடனே கூப்பிட்டுவிட்டான்.

“அக்கா, ஒன்னக் குத்தம் சொல்லல. நீயும் எத்தன வருசம்தான் தனியாக் கெடந்து பாப்ப? மதுரயில நல்ல ஹோம் ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கேன். எந்நேரமும் நர்ஸ் இருக்காங்க.”

“அங்க அப்பா ரைட்டுன்னா என்னன்னு எவளுக்குத் தெரியும்?”

“அதுக்காக? புண்ணு ஆழமாப் போச்சுன்னா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா? செப்டிக் ஆச்சுன்னா ஆளே போயிருவாரு அக்கா.”

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “ஆடி பொறக்கட்டும். அதுக்குள்ள ஆறலன்னா நீயே வந்து கூட்டிட்டுப் போ. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. அப்பாவை வைத்துப் பந்தயம் கட்ட நான் யார்? அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரைட்டு?” என்று கேட்டார். “ரைட்டுதான்” என்றேன்.

ஜூன் 3

மல்லாக்கப் படுக்கவைப்பதே கிடையாது இப்போது. இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்கு அண்டக்கொடுக்க ஒன்று. உப்புத் தண்ணீர் மருந்தால் கழுவி, டாக்டர் சொன்ன கட்டுப் போட்டு, காற்றுப்பட வைத்து, மறுபடி கட்டு. சதை வளரச் சத்து வேண்டும் என்றார். அப்பாவுக்கு முட்டை பிடிக்காது. பருப்புக் கஞ்சியில் அடித்துக் கலந்து கொடுத்தேன். முதல் கரண்டியிலேயே கண்டுபிடித்து, என்னை ஏமாற்றுகிறாயா என்கிற ரைட்டைச் சொன்னார். ஆனால் குடித்துவிட்டார். அவருக்கும் ஜெயிக்க வேண்டும் போல.

“எக்கா, நீ என்ன ஒரு பக்கமாச் சரிஞ்சு நிக்க?” என்று ஜெபராஜ் கேட்டான். வீடு சாய்வாகக் கட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 11

ஆழமாகப் போகவில்லை. ஓரத்தில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் வருகிறது. ரோஸ் வந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். ஜவுளிக் கடையில்கூட இந்த நிறத்தை நான் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

ஜூன் 20

குனிய வரவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கட்டு மாற்றினேன். உட்கார்ந்து செய்தால்தான் வசதி. இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்று.

ஜூலை 1

பெரிய பொட்டு சின்னப் பொட்டாகிவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். “ரைட்டு” என்று சொல்லிவிட்டு இருமினார். சளி கொஞ்சம் இருக்கிறது.

ஜூலை 15

மூடிவிட்டது!

டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். புதுத்தோல், சுற்றிலும் உள்ள நிறத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். தெரிந்தவர்கள் தேடிப்பார்த்தால் உண்டு. போட்டோ எடுத்துச் சங்கரனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டான்.

“அக்கா, நான் வாய மூடிக்கிடுதேன்.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆடி பிறக்க இன்னும் ஓரிரு நாள் இருக்கிறது. தம்பியிடமிருந்து எனக்கு வந்த ஆடிச் சீர் இது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜெபராஜுக்குப் பால் பாயசம் வைத்துக் கொடுத்தேன். அப்பாவுக்கு உதட்டில் தொட்டு வைத்தேன். அவர் கண்ணை மூடி ருசித்த மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 9

அடுக்களையில் இருந்தேன். அப்பா கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. தற்செயலாக எட்டிப் பார்த்தால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இருக்கிறார். ஊதிக்கொண்டுதான் இருக்கிறார். உள்ளே இருக்கிற உருண்டை சுற்றவில்லை. காற்று மட்டும் வருகிறது.

மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்ட விசில் இது.

இனிமேல் நான் இந்த அறையிலேயே இருந்துகொள்கிறேன். காய்கறி நறுக்குவதையும் இங்கேயே வைத்துக்கொண்டால் ஆயிற்று.

ஆகஸ்ட் 14

நாலு நாளைக்கு முன்னால் டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து பேசினார். “நெஞ்சுல சளி கட்டிருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா குழாய் போடுவாங்க. கொஞ்ச நாள் தள்ளிப்போகும். திரும்பி வருவாருன்னு என்னால சொல்ல முடியாது.”

சங்கரனைக் கேட்டேன். “நீ சொல்லுததுதான் அக்கா” என்றான். அப்பாவைக் கேட்பதுதான் நியாயம் என்று பக்கத்தில் உட்கார்ந்து, “ஆஸ்பத்திரிக்குப் போவோமாப்பா?” என்றேன். ஒரு ரைட்டு சொன்னார். “வீட்டுலயே இருப்போமா?” என்றேன். இன்னொரு ரைட்டு. கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சங்கரனை நேரமே ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொன்னேன். வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். அப்பாவுக்கு அவன்தான் முகம் மழித்துவிட்டான். நன்றாகவே மழித்தான்.

ஆகஸ்ட் 21

கஞ்சி இறங்கவில்லை. உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 26

காலையில் ஜன்னல் பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்தேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. குதிகாலுக்குத் துண்டு. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தது, இழுத்துவிட்டேன். “ரைட்டாப்பா?” என்று கேட்டேன்.

அவர் சொல்லவில்லை.

செப்டம்பர் 1

இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

சங்கரன் வந்து சேரும்வரை அப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். வைக்கும்போது நான் உள்ளே கைவிட்டு விரிப்பை நீவிவிட்டேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆறு வருடமாகச் சுருக்கத்தில் படுத்ததில்லை அவர்.

மறுநாள் குற்றாலம் சித்தப்பா முன்நின்று எல்லாம் நடத்தினார். நீர்மாலைக்குச் சங்கரனும் பங்காளிகளும் போனார்கள். தெருக்குழாயில் குளித்து, குடத்தில் தண்ணீர் பிடித்து, தலைக்கு மேலே வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, சங்குச் சத்தத்தோடு வந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக அப்பா தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்தோம். அது முடிந்ததும் சித்தப்பா, “பொம்பளைங்கள்லாம் அங்கிட்டுப் போங்கம்மா. குளிப்பாட்டணும்” என்றார். நான் நகரவில்லை.

“சித்தப்பா, நான்...”

“நீயுந்தாம்மா. இன்னைக்கு ஆம்பளையள் செய்யணும். முறை அதுதான்.”

சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அவர் குரலில் அதிகாரமும் இல்லை, அழுதுகொண்டேதான் சொன்னார். வாசலில் பெஞ்சுப் பலகையைச் சுற்றி நாலு பேர் வேட்டியை மறைவாகப் பிடித்தார்கள். நான் அதற்கு இந்தப் பக்கம் நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் நான் கைவைத்துப் பதம் பார்க்காத தண்ணீர் அப்பா மேல் பட்டதில்லை. பச்சைத் தண்ணீர். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு புரட்டினார்கள் போல. சட்டென்று மறைவுக்குள்ளே பேச்சு நின்றுபோயிற்று. அப்புறம் சித்தப்பா குரல் கேட்டது.

“ஏல, இங்க பாருங்கல. அண்ணன் முதுகப் பாருங்கல.”

யாரோ குனிந்து பார்க்கிற நிழல் வேட்டியில் ஆடியது.

“ஒரு புண்ணு இருக்கா? ஒரு வடு இருக்கா? எங்கம்மா படுத்து நாலு மாசத்துல போனா. அவள எடுக்கும்போது முதுகப் பாக்க முடியாம நான் கண்ண மூடிக்கிட்டேன். ஆறு வருசம்ல! பச்சப்புள்ள முதுகு மாதிரி வச்சிருக்காளே!” பிறகு மறைவுக்கு மேலே எட்டிப்பார்த்து, தெருவில் நின்ற கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “எங்கண்ணன் மக வச்சுப் பாத்திருக்கா, வந்து பாருங்கய்யா!”

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறார்கள். வாழாமல் வந்தவள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிமிடம் எல்லாம் அடிபட்டுப் போயிற்று. நான் நிமிர்ந்து நின்றேன்.

அதோடு முடிந்திருந்தால் சரி. சட்டை போட ஆரம்பித்தார்கள். ஜெபராஜ் புதிதாக வாங்கி வந்த காலர் வைத்த வெள்ளைச் சட்டை. எல்லோரும் செய்கிற தப்பைத்தான் அவர்களும் செய்தார்கள். நன்றாக நீளுகிற இடது கையை முதலில் நுழைத்துவிட்டார்கள். வலது கை மடங்கிப் பிடித்த கை, அதற்கு அப்புறம் எங்கே வரும்?

“இழு, மெதுவா இழு.”

“வரமாட்டேங்குண்ணே.”

“கத்தரியக் கொண்டாங்கய்யா. பின்னாடி ரெண்டா வெட்டிச் சொருகிருவோம்.”

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரியவில்லை. “வெட்டாதீங்க!” என்று கத்தினேன். “கைய இழுக்காதீங்க! கழத்துங்க மொதல்ல! மாப்பிள்ளக் கைய மொதல்ல போடுங்க!”

கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “மாப்பிள்ளையா? எந்த மாப்பிள்ள வந்திருக்காரு?” என்று கேட்டது காதில் விழுந்தது. மறைவுக்குள்ளே ஜெபராஜ் விம்மி அழுகிற சத்தம் கேட்டது. அவனுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் தெரியும்.

பிறகு வேட்டி மறைவு ஒரு ஓரத்தில் விலகியது. சித்தப்பாதான் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எம்மா செண்பகம். உள்ள வா. இந்த வேல எங்களுக்குத் தெரியல.”

யாரோ மூத்தவர், “குற்றாலம், அது எப்படி...” என்று ஆரம்பித்தார். “நான்தானய்யா முறை சொல்லுதவன்? நான் சொல்லுதேன், அவ போடட்டும்” என்றார் சித்தப்பா.

குனிந்து உள்ளே போனேன். அப்பாவுக்கு வேட்டி கட்டி முடித்திருந்தார்கள், கட்டு சரியாகவே இருந்தது. சட்டையைக் கழற்றினேன். வலது கைச் சட்டையை வளையல் மாதிரி சுருட்டி என் விரல்களில் கோத்துக்கொண்டு, அந்த வழியாக அவர் விரல்களைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினேன். விறைத்திருந்தது. ஆனால் என் கைக்கு அது அடங்கும். வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. பந்து சென்டரிலிருந்து கிளம்புகிறது. லெஃப்டில் போகிறது. ஒருவனை வெட்டுகிறார். இன்னொருவனை வெட்டுகிறார். தலையைத் தூக்கிக் காலரை நுழைத்தேன். உள்ளே வந்துவிட்டார். இடது கையை நுழைத்தேன். முன்பக்கம் இழுத்து, முதுகுப் பக்கம் ஒரு மடிப்பு இல்லாமல் நீவினேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

“கோல்” என்றான் ஜெபராஜ், மெதுவாக. ஆயுசு முழுக்கக் கோலைத் தடுத்தே பழகியவன்.

சங்கரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேட்டியைப் பிடித்திருந்த நாலு பேரும் அப்பாவின் பழைய பிள்ளைகள்தான். திரும்பிப் பார்த்தேன், நாலு பேரும் நேராக நின்றுகொண்டிருந்தார்கள்.

மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டோம். கொள்ளி சங்கரன் வைத்தான். அவன்தான் வைக்க வேண்டும், வைக்கட்டும். சட்டையை நான் போட்டேன்.

செப்டம்பர் 13

பதினாறாம் நாள் விசேஷம் எல்லாம் முடிந்துவிட்டது. ஏர் பெட்டை மடிக்கும்போது எழுந்திருக்க முடியாமல் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டதைச் சங்கரன் பார்த்துவிட்டான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அவனும் ஜெபராஜும் எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

“எத்தன நாளா வலி இருக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

ஏப்ரலிலிருந்து என்றேன். டைரியில் அப்படித்தான் இருக்கிறது.

“பொய்யி டாக்டர்” என்றான் ஜெபராஜ். “மூணு வருசமா இருக்கு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறதாம். பெல்ட் போட வேண்டும், படுத்து எழும்போது பார்த்து எழ வேண்டும். “இனிமே கனமா எதையும் தூக்கக் கூடாதும்மா” என்றார்.

“அவர் கனமே இல்ல டாக்டர்” என்றேன்.

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். வீட்டிலும் தெருமுனையிலும் வராதது, முன்பின் தெரியாத ஒரு டாக்டர் முன்னால் வந்தது. வாய்விட்டு அழுதேன். எனக்கு அப்பா வேண்டும். புரட்டிப் படுக்கவைக்க, முட்டையைக் கஞ்சியில் ஒளித்துக் கொடுக்க, திட்டு வாங்க எனக்கு என் அப்பா வேண்டும். சங்கரன் துடைக்கத் துண்டு கொடுத்தான். டாக்டர் நல்லவர், அடுத்த ஆளைக் கூப்பிடாமல் காத்திருந்தார்.

பிறகு பெல்ட் மாட்டிவிட்டார்கள். எழுந்து நாலடி நடந்து காட்டச் சொன்னார்கள். வாசல் பக்கம் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. கோணல் போய்விட்டது. வலிக்கத்தான் செய்தது, ஆனாலும் முதுகு கம்பு மாதிரி நேராக நின்றது. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் விசில் சார் மகள் என்று சொல்லிவிடலாம்.